ஆயிரத்தில் முப்பது

“மூணாவது கோலும் போச்சு டீச்சர். சவரிமுத்துவை வேலையை விட்டு நிறுத்துங்க.”

குலோத்துங்கன் வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். கையில் முறிந்த தூண்டில் கோல் இருந்தது.

ஜெசிந்தா நிமிரவில்லை. மூங்கில் பிளாச்சு ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார்.

“எங்க முறிஞ்சது?”

“மூட்டுக்குக் கீழே. நாலஞ்சு விரக்கடை தள்ளி. முதல் ரெண்டும் அதே இடம்தான்.”

“கணக்கு?”

“கணக்கு சுத்தம். முப்பத்தோரு வருஷம் கணக்கு போட்டவன் நான். ஒரு புள்ளி தப்பினதில்லை. பசைதான் சரியில்லை. பசை போடறது யாரு? சவரிமுத்து.”

இந்த இடத்தில் யார் யாரென்று சொல்லிவிடுவது நல்லது.

குரு ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தாறு. சீடர் குலோத்துங்கனுக்கு ஐம்பத்தெட்டு. அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘டீச்சர்’ என்பார். முதல் வாரம் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஜெசிந்தா செய்வது மண்புழு குத்திவிட்டுக் காத்திருக்கும் தூண்டில் அல்ல. இறகையும் நூலையும் கட்டிப் பூச்சி மாதிரி ஒன்று செய்வார்கள். அதை மலையோடையின் மேல் வீசி, ஏமாந்து வரும் ட்ரவுட் மீனைப் பிடிப்பார்கள். அப்படி வீசுவதற்கான கோல் இது. மூங்கிலை ஆறு பிளாச்சாகப் பிளந்து, இழைத்து, ஒன்றாக ஒட்டி, நுனிக்குப் போகப் போக மெலிந்துகொண்டே வரும்படி செய்ய வேண்டும். இரண்டு பாதியாகச் செய்து நடுவில் ஒரு மூட்டில் சேர்ப்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் என்பதுதான் முழு வித்தையும். அதற்குத்தான் கணக்கு.

குலோத்துங்கன் ஒரு துறைமுக வேலைத்தளத்தில் கிரேன் வடிவமைத்தவர். அவருடைய கணக்குக்கு கிரேனின் கையும் தூண்டில் கோலும் ஒன்றுதான். ஒரு முனை பிடிபட்டிருக்கிறது, மறுமுனை பாரம் சுமக்கிறது. ஓய்வு பெற்றதும் மலையேறி வந்துவிட்டார். முறியாத கோல் ஒன்று செய்துவிட்டுத்தான் இறங்குவேன் என்றார்.

சவரிமுத்து பதினோரு வருடமாக ஜெசிந்தாவின் பட்டறையில் பசை போடுகிறார். ஆறு பிளாச்சுக்கும் பூசி, சேர்த்து, நூல் சுற்றி இறுக்கி, சூட்டுப் பெட்டிக்குள் தொங்கவிடுவார். அதிகம் பேசமாட்டார்.

அவ்வளவுதான் ஆட்கள்.

ஜெசிந்தா இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“சவரிமுத்து!”

பின் அறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் சவரிமுத்து.

“என்னங்க அக்கா?”

“நாளைல இருந்து நீங்க வர வேணாம்.”

குலோத்துங்கனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் எதிர்பார்த்தது வேறு. நாலு கேள்வி கேட்பார், பசை டப்பாவைப் பார்ப்பார், ஒரு அதட்டல் போடுவார் என்று நினைத்திருந்தார். பதினோரு வருடம் ஒரு மூச்சில் முடியும் என்று நினைக்கவில்லை.

சவரிமுத்து ஜெசிந்தாவைப் பார்த்தார். பிறகு திரும்பிக் குலோத்துங்கனைப் பார்த்தார். ஒரு நிமிடம் இருக்கும். குலோத்துங்கன் சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். போய்விட்டார்.

“டீச்சர், நான் ஏதோ கோவத்துல…”

“நிறுத்தச் சொன்னீங்க. நிறுத்தியாச்சு.”

“ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா?”

“எதுக்கு? இன்ஜினியர் சொன்னா போதாதா?”

அந்த வார்த்தை குலோத்துங்கனை எங்கேயோ தொட்டது. இதே வார்த்தையை முன்பு வேறு யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருந்தது. யார் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

“நாலாவது கோலுக்கு நீங்களே பசை போடுங்க சார்,” என்றார் ஜெசிந்தா. “உங்க கை, உங்க பசை. அதுல குத்தம் இருக்காதே.”

பன்னிரண்டு நாள் ஆனது.

பசையை எடை போட்டுக் கலந்தார். வெப்பமானி வைத்துச் சூடு பார்த்தார். நூலை ஒரே இழுப்பில் சுற்ற, தராசுக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். ஆறு பிளாச்சும் ஒட்டிய தடம் தெரியாமல் ஒரே குச்சி மாதிரி ஆயின. சவரிமுத்துவே பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் ஆணியில் மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை, பட்டறைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குப் போனார்கள். மீன் இல்லை, தண்ணீர் இல்லை. வெறும் நூலைப் பின்னால் வீசி முன்னால் வீசிப் பார்க்க வேண்டும்.

“வீசுங்க.”

வீசினார். கோல் அழகாக வளைந்து நிமிர்ந்தது.

“நூலை இன்னும் விடுங்க.”

விட்டார். முப்பதடி, நாற்பதடி. குலோத்துங்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்தீங்களா டீச்சர்? நான் அப்பவே…”

டப்.

கோலின் மேல்பாதி மடங்கித் தொங்கியது. மூட்டுக்குக் கீழே, நாலஞ்சு விரக்கடை தள்ளி, அதே இடம்.

குலோத்துங்கன் கையில் மிச்சமிருந்த பாதியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. சொல்ல வந்த வாக்கியத்தை முடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜெசிந்தா முறிவை அவர் கண்ணருகே கொண்டுவந்தார்.

“பசை பிரிஞ்சிருக்கா?”

பிரியவில்லை. பசைத் தடம் ஆறும் இறுக்கமாக இருந்தன. மூங்கில்தான் நார் நாராகக் கிழிந்திருந்தது.

“முதல் மூணு கோலும் அலமாரியில இருக்கு. போய்ப் பாருங்க.”

ஓடினார். எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் பசை விடவில்லை. மூன்றிலும் மூங்கில்தான் கிழிந்திருந்தது.

இதை அவர் அன்றைக்கே பார்த்திருக்கலாம். பார்க்கக் கண் இருந்தது, வெளிச்சம் இருந்தது. பழி போட ஆள் கிடைத்துவிட்டால் முறிவை யார் பார்க்கிறார்கள்?

“இப்ப யாரை நிறுத்தலாம் சார்?”

குலோத்துங்கன் மர முக்காலியில் உட்கார்ந்தார்.

கண் கலங்கச் சொன்னார்.

“புரிஞ்சது டீச்சர். கணக்கை நம்பினதுதான் தப்பு. கணக்கைத் தூக்கிப் போட்டுடறேன். இனிமே மூங்கில் சொல்றதைக் கை கேக்கும். அதைத்தானே நீங்க எனக்குக் கத்துக்குடுக்கறீங்க?”

ஜெசிந்தா அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“யாரு சொன்னா?”

“இல்ல… ஞானம்னா…”

“கணக்கு உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு? மூங்கிலாவது பேசறதாவது! நோட்டை எடுங்க.”

சீடருக்கு இது இன்னொரு அதிர்ச்சி. கண்ணீரோடு நோட்டை எடுத்தார்.

“நுனியில ஆரம்பிங்க. சத்தமா.”

குலோத்துங்கன் ஆரம்பித்தார். நுனிக்கு வெளியே காற்றில் நிற்கும் நூலின் எடை. பொய்ப்பூச்சியின் எடை. வீசும்போது வரும் உதறலுக்காக அதை நாலால் பெருக்க வேண்டும். நுனியிலிருந்து அஞ்சு அங்குலத்துக்கு ஒரு நிலை. ஒவ்வொரு நிலையிலும், அதற்கு அப்பால் இருக்கும் பாரமெல்லாம் எவ்வளவு தூரத்திலிருந்து அதை வளைக்கின்றன என்று கூட்ட வேண்டும். மூங்கில் நார் தாங்கும் அழுத்தம் இவ்வளவு. அப்படியானால் அந்த இடத்தில் தடிமன் இவ்வளவு.

பதினெட்டு நிலை. ஜெசிந்தா கூடவே மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு இடத்தில் இவருக்கு முன்னால் விடையைச் சொன்னார்.

“கணக்கு சரி,” என்றார்.

“சரிதான்னு அப்பவே சொன்னேனே!”

“கணக்கு சரி. கோல் அந்தக் கணக்குப்படி இருக்கா? அளங்க.”

முறிந்த கோலை மேசைமேல் சேர்த்து வைத்தார். வெர்னியர் அளவுகோலை நீட்டினார். குலோத்துங்கன் நுனியிலிருந்து அளந்து சொல்லச் சொல்ல, ஜெசிந்தா கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதினார்.

முதல் நிலை சரி. இரண்டாவது சரி. ஒன்பது வரைக்கும் இம்மி பிசகவில்லை.

“பத்தாவது?”

“இருநூத்தி அறுபத்திரெண்டு.”

அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டு அளக்கும் வேலை அது.

“கணக்குல இருநூத்தி முப்பத்திரெண்டு,” என்றார் ஜெசிந்தா. “ஆயிரத்தில் முப்பது கூட இருக்கு.”

“ஓ, அதுவா?” குலோத்துங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அது நான் வேணும்னே விட்டது டீச்சர். மூட்டுக்குப் பக்கம் பாருங்க, பயம். ஒரு மூணு அங்குலத்துக்குக் கொஞ்சம் தடிப்பா விட்டேன்.”

“நாலு கோல்லயுமா?”

“நாலுலயும்.”

“கணக்குல எழுதலையே?”

“அதைப் போய் எதுக்கு எழுதறது? அது கணக்கு இல்ல. ஒரு பாதுகாப்பு. கூட இருந்தா நல்லதுதானே?”



ஜெசிந்தா குப்பைக் கூடையிலிருந்து முழ நீளத்தில் மெல்லிய மூங்கில் சிம்பு ஒன்றை எடுத்தார். அதன் நடுவில் ஒரு தீக்குச்சியைப் படுக்கவைத்து, நூலால் இறுகக் கட்டினார். நீட்டினார்.

“வளைங்க.”

குலோத்துங்கன் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக வளைத்தார். சிம்பு நன்றாகவே வளைந்தது. தீக்குச்சி கட்டிய இடம் மட்டும் விறைப்பாக நின்றது. அது வளையாமல் விட்ட வளைவெல்லாம் குச்சி முடியும் ஓரத்தில் வந்து சேர்ந்தது.

இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

ஓரத்தில் முறிந்தது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முறிந்த கோலை எடுத்தார். தடிப்பு முடியும் ஓரத்தைத் தேடினார். முறிவு அங்கேதான் இருந்தது. இன்னொரு கோலை எடுத்தார். அதிலும் அங்கேதான். மூன்றாவதை எடுக்கவில்லை.

“இந்தத் தடிப்பு வேற யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டார் ஜெசிந்தா.

“தெரியாது… இல்ல, இருங்க. சவரிமுத்து கேட்டார். முதல் கோலுக்குப் பசை போடும்போதே கேட்டார். ‘சார், இந்த இடத்துல தடிப்பா இருக்கே, அக்காகிட்ட காட்டினீங்களா’ன்னு.”

“நீங்க?”

“‘அதெல்லாம் தெரிஞ்சுதான் விட்டிருக்கேன். நீங்க ஒட்டுங்க, என் பொறுப்பு’ன்னு…”

பாதியில் பேச்சு நின்றுவிட்டது.

முகம் வெளுத்துக்கொண்டே போனது. ஜெசிந்தாவுக்கே பயமாகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“ஒரு கிரேன்ல நான் ஒரு தகடு வைக்கச் சொன்னேன்.”

ஜெசிந்தா எதிரில் உட்கார்ந்தார்.

“ஒன்பது வருஷம் இருக்கும். புதுசா ஒரு கிரேன். நீளமான கை. கணக்கெல்லாம் சரி. ஆனா அந்தக் கையில ஒரு மூட்டு இருந்தது. அதுக்கு நேர் கீழேதான் ஆளுங்க நின்னு கொக்கி மாட்டுவாங்க. எனக்கு மனசு கேக்கலை. ஒரு சாண் தகடு, மூட்டுக்குப் பக்கத்துல வச்சு வெல்டிங் அடிக்கச் சொன்னேன்.”

“வரைபடத்துல இருந்ததா?”

“இல்ல. வாயால சொன்னேன். வெல்டர் பேரு மூக்கையா. அவரும் கேட்டார், ‘சார், இது டிராயிங்ல இல்லையே’ன்னு.”

“என்ன சொன்னீங்க?”

“என் பொறுப்புன்னு சொன்னேன்.”

குலோத்துங்கன் தம்ளரை மேசைமேல் ஊன்றிக்கொண்டார்.

“நாப்பது நாள் கழிச்சு, காலைல பத்து மணிக்கு அந்தக் கை முறிஞ்சு விழுந்தது. கீழே செல்லப்பாண்டின்னு ஒரு பையன் நின்னான். இருபத்தாறு வயசு. அங்கேயே போயிட்டான்.”

“விசாரணை வச்சாங்களா?”

“வச்சாங்க. என் கணக்கை மூணு பேர் சரிபார்த்தாங்க. சரின்னு வந்தது. அப்புறம் மூக்கையாவைக் கூப்பிட்டு நிக்கவச்சாங்க. தகடு வைக்கச் சொன்னது யாருன்னு கேட்டாங்க.”

“சொன்னாரா?”

“சொல்லலை. ஒரு வார்த்தை பேசலை. திரும்பி என்னையே பாத்துக்கிட்டு நின்னார். தப்பு பண்ணினவன் அப்படித்தான் முழிப்பான்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் நினைச்சேன்.”

“நீங்க சொல்லியிருக்கலாமே?”

“தகட்டால கெடுதல் வரும்னு எனக்குத் தோணவே இல்ல டீச்சர்! சத்தியமா தோணலை. பலத்துக்கு வச்சது, அதை ஏன் நடுவுல இழுக்கணும்னு விட்டுட்டேன். என்னைக் கேட்டாங்க. வெல்டிங் சரியில்லைன்னு சொன்னேன். நான் நிஜமாவே அப்படித்தான் நம்பினேன். அங்க இருந்த பெரியவர் ஒருத்தர், ‘இன்ஜினியரே சொல்லிட்டார், போதும்’னு எழுதிக்கிட்டார்.”

“மூக்கையா?”

“ரெண்டு வருஷம் உள்ளே இருந்தார். இப்போ கீழே அவர் ஊர்ல இருக்கார். யாரும் ஒரு ஜன்னல் கம்பி ஒட்டக்கூட அவரைக் கூப்பிடறதில்லைன்னு கேள்விப்பட்டேன்.”

குலோத்துங்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவரை நான் மன்னிச்சுட்டேன் டீச்சர். அப்பவே மன்னிச்சுட்டேன். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்வேன், பாவம், ஏதோ கவனக்குறைவு, மனுஷன்னா தவறத்தான் செய்வான்னு. ஒன்பது வருஷமா அவரை மன்னிச்சுக்கிட்டே இருந்தேன்.”

ஜெசிந்தா மேசைமேல் கிடந்த சிம்பை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“அந்தக் கிரேனோட கை எந்த இடத்துல முறிஞ்சது சார்?”

குலோத்துங்கன் சிம்பைப் பார்த்தார்.

கட்டிய நூல் அப்படியே இருந்தது. தீக்குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முடிந்த ஓரத்தில் சிம்பு முறிந்திருந்தது.

அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது வார்த்தை இல்லை. தம்ளர் மேசைமேல் சாய்ந்து தண்ணீர் நோட்டின் மேல் ஓடியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

“தகடு முடியற ஓரத்துல,” என்றார்.

ஜெசிந்தா ஆறுதல் சொல்லவில்லை. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. செத்தவன் செத்தவன்தான்.

ஜெசிந்தா தம்ளரை நிமிர்த்தி வைத்தார்.

“முதல்ல சவரிமுத்துவைக் கூட்டிட்டு வாங்க.”

“அவர் எப்படி வருவார்? நீங்க நிறுத்திட்டீங்களே!”

“அன்னைக்குச் சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். என்னைத் திட்டினார். ‘உங்க பாடத்துக்கு என் மானம்தான் கிடைச்சதா’ன்னு கேட்டார். அவர் கேட்டது சரி. மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.”

“வரேன்னு சொன்னாரா?”

“சார் வந்து கூப்பிட்டா வரேன்னு சொன்னார்.”

“பன்னிரண்டு நாளா என்கிட்ட சொல்லவே இல்லையே?”

“பன்னிரண்டு நாள்ல ஒரு தடவையாவது அவரைப் பத்திக் கேட்டீங்களா?”

குலோத்துங்கன் எழுந்தார். செருப்பு மாட்டவும் மறந்துவிட்டு நடந்தார்.

சவரிமுத்து வீட்டுக்குப் பின்னால் சரிவில் கேரட் போட்டிருந்தார். உச்சி தாண்டிய வெயில். குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தவர், வெறுங்காலோடு ஒரு மனிதர் வருவதைப் பார்த்து நிமிர்ந்தார்.

“என்ன சார், செருப்பு எங்க?”

குலோத்துங்கன் மூச்சு வாங்க நின்றார்.

“பசையில தப்பில்லை சவரிமுத்து. நாலாவது கோலும் முறிஞ்சிடுச்சு. பசை நான்தான் போட்டேன். நான் விட்ட தடிப்பாலதான் முறிஞ்சது, நாலும். என்னை மன்னிச்சிடுங்க.”

“தெரியும் சார்.”

“தெரியுமா? எப்ப இருந்து தெரியும்?”

“முதல் கோலை ஒட்டும்போதே தோணிச்சு. மூணாவது முறிஞ்சப்ப நல்லாவே தெரிஞ்சது.”

“அப்புறம் ஏன் பேசாம போனீங்க?” குலோத்துங்கனின் குரல் உயர்ந்துவிட்டது. “நீங்க ஒண்ணும் பண்ணலை. தடிப்பு விட்டது நான். ஒட்டச் சொன்னதும் நான். வேலையே போகுது! அக்காகிட்ட ‘இவர்தான் சொன்னார்’னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஏன் சொல்லலை?”

சவரிமுத்து கையிலிருந்த கேரட்டை உதறினார். மண் உதிர்ந்தது. கூடையில் போட்டார்.

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன் சார்.”



குலோத்துங்கன் சவரிமுத்துவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்தது அந்த முகத்தை அல்ல, மூக்கையாவின் முகத்தை. அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சவரிமுத்து பதறிப்போய்க் கிட்டே ஓடிவந்தார்.

“சார்! என்ன ஆச்சு சார்? நான் வரேன் சார், வேலைக்கு வரேன். எழுந்திரிங்க.”

குலோத்துங்கன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழே போற பஸ் எத்தனை மணிக்கு?”

“ரெண்டரைக்கு. என்ன சார் திடீர்னு?”

“இப்ப மணி என்ன?”

“ரெண்டேகால்,” என்றார் சவரிமுத்து. தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் போட்டார். “ஓடுங்க.”